ஏழு புளியங்கொட்டை தூரம்

“மக ஜப்பானுக்குப் போனா, ஆத்தாள மறந்துட்டா” என்று சொன்னாளாமே, கோயில் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே? என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அவளுக்கு அந்த வெங்காயத்தைவிட அதிகமாகக் கண் எரிந்திருக்கும். நல்லவேளை, நீ வந்து சொன்னாய் தங்கச்சி. அவள் மகன் இதோ சிரம்பானில்தான் இருக்கிறான். மோட்டாரில் அரை மணி நேரம். கடைசியாக எப்போது வந்தான் என்று கேட்டுப் பார். தீபாவளிக்கு வந்தவன், முறுக்கை வாங்கிக்கொண்டு வாசலோடு போனவன்தான்.

என் மகள் தினமும் கூப்பிடுகிறாள். ஸ்டேஷனில் நின்றுகொண்டுதான் கூப்பிடுவாள். அந்த ஊரில் ரயிலுக்குள் ஏறிவிட்டால் ஒருவரும் போனில் பேசமாட்டார்கள். அத்தனை பேர் நெருக்கி நிற்பார்கள், ஆனால் பரீட்சை எழுதுகிற பள்ளிக்கூடம் மாதிரி சத்தமே இருக்காது. அதனால் ரயில் வரும்வரைக்கும்தான் எங்கள் பேச்சு. வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இசை அடிக்கும். நம் தெருவுக்கு ஐஸ்கிரீம்காரன் மோட்டாரில் மணி அடித்துக்கொண்டு வருவானே, அதைவிட இனிமையாக இருக்கும். அது கேட்டதும் “வந்துருச்சும்மா, வைக்கிறேன்” என்பாள். இதற்குப் பெயர் மறப்பதா?

உட்கார். அந்தத் தாம்பாளத்தை இப்படித் தள்ளு. நீ அந்தப் பக்கத்துப் புளியில் கொட்டை எடு, நான் இந்தப் பக்கம் எடுக்கிறேன். லுக்குட் டவுன் கடையில் வாங்கியது, பாதிக்குப் பாதி கொட்டைதான். வெயிலில் காட்டி, கொட்டை நீக்கி, உப்புப் போட்டு அடைத்துவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. வானம் கொஞ்சம் மூடுகிற மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். கொட்டையை மட்டும் இந்தச் சிரட்டையில் போடு. எறிந்துவிடாதே.

“அதெல்லாம் சரிக்கா. இப்ப நீங்க போறீங்களா இல்லையா? வயித்துல புள்ள அஞ்சு மாசம்னு சொல்றீங்க, வா வான்னு கூப்புடுறாங்கறீங்க, அப்புறம் என்னா?”

இதோடு மூன்று தடவை கேட்டுவிட்டாய். சொல்கிறேன். ஆனால் அந்த ஸ்டேஷனைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

முதல் தடவை நான் போனது, முதல் பிள்ளை அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது. ஒசாக்கா என்கிற பெரிய ஊருக்கு வெளியே வீடு. நம் ரந்தாவிலிருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போய் வருகிற மாதிரி, காலையில் எல்லாரும் டவுனுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற இடம். ஆனால் மோட்டாரும் இல்லை, பஸ்ஸும் இல்லை, எல்லாம் ரயில்தான். அங்கே வீட்டுக்கு அடையாளம் கேட்டால் தெருப்பெயர் சொல்லமாட்டார்கள். எந்த ஸ்டேஷன், அங்கிருந்து எத்தனை நிமிஷ நடை என்பார்கள். நாம் அந்தக் காலத்தில் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று கேட்டுக்கொண்ட மாதிரி.

எங்கள் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு ரொட்டிக்கடை இருந்தது. படியேறும்போதே வெண்ணெய் வாசனை இழுக்கும். பக்கத்தில் சைக்கிள்கள் இரண்டு அடுக்காக நிற்கும், மாடி வீடு கட்டிக் குடிவைத்த மாதிரி. ஒரு இரும்புப் பெட்டியில் காசு போட்டால் டின்னில் சூடாகத் தேத்தண்ணி விழும். சூடாக, தங்கச்சி! அதைக் குளிருக்குக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன், குடிப்பது அப்புறம்தான். பிளாட்பாரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நின்றுகொண்டு, ரயில் வந்தாலும் போனாலும் விரலை நீட்டி நீட்டி ஏதோ சொல்வார். யாரிடமும் இல்லை, தண்டவாளத்திடம். பாவம், இந்த வயதில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மருமகனிடம் கேட்டேன்.

“அது அவுங்க வேலை அத்தை. எல்லாம் சரியா இருக்குன்னு கையால காட்டி வாயால சொல்லணும். அப்பதான் தப்பு வராது” என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்கே அடுப்படியில் விரலை நீட்டி “கேஸு மூடியாச்சு!” என்றேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதே, இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். அதற்கப்புறம் நான் ஒரு தடவைகூட கேஸை மூட மறந்ததில்லை.

மருமகன் கெமாஸ்காரர். அவர் தாத்தா அங்கே தண்டவாளத்தில் கல் போட்டவர். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதே எனக்கு அவர்மேல் ஒரு பாசம், ஏனென்றால் கெமாஸ் ஸ்டேஷன் எனக்குத் தெரிந்த ஸ்டேஷன். ஜொகூரில் என் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது அங்கே ரயில் நிற்கும். எஞ்சின் மாற்றுவார்களோ என்னவோ, இறங்கித் தேத்தண்ணி குடித்து, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி, தெரிந்தவர்களோடு கதை பேசி முடித்துப் பார்த்தாலும் ரயில் அங்கேயே நிற்கும். நான் ஏறிய ரயிலெல்லாம் அப்படித்தான். வழியில் ஒரு ஸ்டேஷனையும் விடாது, எல்லாரையும் விசாரித்துக்கொண்டே போகிற கிழவி மாதிரி. ரயில் என்றால் அதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் போன பத்தாம் நாள் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். பிறக்கும்வரை எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். மருமகன் வெளிச்சம் வருவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவர். ஆஸ்பத்திரி எங்கள் ஸ்டேஷனிலிருந்து ஏழாவது ஸ்டேஷன். ரசமும் சாதமும் கொண்டுபோக நான்தான் இருந்தேன். எனக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது, அந்த ஊர் எழுத்து எங்கே தெரியும்? மணி பார்ப்பேன், எண்ணுவேன், அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு என்னிடம் வழி இருந்தது. எஸ்டேட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டின காலத்தில் ஒரு நெரை, ஒரு வரிசை மரம் முடிந்தால் மடியில் ஒரு கொட்டை போட்டுக்கொள்வேன். எத்தனை நெரை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோன புளியில் ஏழு கொட்டை எடுத்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். ரயில் கதவு ஒரு தடவை திறந்தால் ஒரு கொட்டை இடது கைக்குப் போகும். ஏழும் இடது கைக்கு வந்துவிட்டால் இறங்க வேண்டும். மருமகன் இரண்டு நாள் கூட வந்து பார்த்தார். “அத்தை, எங்க கம்பெனி மெஷின்கூட இவ்ளோ கரெக்ட் இல்லலா” என்றார். ஆஸ்பத்திரிப் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுத் தனியாக ரயிலில் போகும். அதுகளுக்கு நடுவே நானும் அட்டையோடு போனேன்.

தினமும் பதினோரு மணிக்குப் போவேன். எங்கள் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற ரயில் ஒன்று காலியாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஏறி உட்கார்ந்துகொள்வேன். இருக்கைக்கு அடியிலிருந்து சூடு வரும், கால் வலிக்கு ஒத்தடம் மாதிரி. இருபது நாள் போனேன். ஒரு நாள் தப்பவில்லை. என் வயதில் அந்த மாதிரி ஒரு பெருமை எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை, பொய் சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் கிளம்பும்போது மகள் என் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு நாளா புள்ள அசையவே இல்லம்மா. நாளைக்குப் பத்து மணிக்குப் படம் எடுத்துப் பாக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல இரு.”

“உன் கைய புடிச்சுக்கிட்டே நிப்பேன்டி. நீ அழுகாத.”

மருமகன் லீவு போடுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். “நான் இருக்கேன்ல தம்பி. பத்து மணிக்குத்தானே? ஒம்பதுக்கெல்லாம் அங்க இருப்பேன்” என்றேன். கேட்டுக்கொள், நான்தான் சொன்னேன்.

காலையில் எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனால், அது என் ஸ்டேஷனாகவே இல்லை. அத்தனை ஜனம். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள், பள்ளிக்கூடப் பெண்கள், எல்லாரும் தரையில் போட்ட கோட்டில் இரண்டிரண்டு பேராக வரிசை பிடித்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் என் ரயில் வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டு நின்றது. ஏறுகிறவர்கள் நாலைந்து பேர்தான். மறு பக்கம் வரிசை படி வரைக்கும் போயிருந்தது.

நான் எங்கே நின்றிருப்பேன் என்று நீயே சொல். நீயும் எஸ்டேட்டில் பிறந்தவள்தானே? விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற மண்டோர் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்றவளுக்குத்தான் வேலை. தள்ளித் தனியாக நின்றவளை “நீ ஊட்டுக்குப் போ” என்று விடுவார். ஆள் நிற்கிற இடத்தில்தான் வேலை இருக்கும், ஆள் இல்லாத இடத்தில் ஒன்றும் இருக்காது. சின்ன வயதில் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிய கால் இது. காலி ரயிலைப் பார்த்தேன். இது இன்றைக்குப் போகாது போலிருக்கிறது, அதனால்தான் ஆள் ஏறவில்லை என்று நினைத்தேன். போய் நீளமான வரிசையில் நின்றேன். அந்த வெள்ளைக் கையுறைக்காரர் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அது என்ன தெரியும்?

ரயில் வந்தது. கூட்டமே என்னை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டது. சுருக்குப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். ரயில் ஓடுகிறது, ஓடுகிறது, கதவு திறக்கவில்லை. வெளியே ஸ்டேஷன்கள் வருகிறதும் போகிறதும் தெரிந்தது, ஆனால் கதவு திறந்தால்தானே என் கணக்கில் ஸ்டேஷன். கடைசியில் ஒரு இடத்தில் திறந்தது. ஒரு கொட்டையை மாற்றினேன். நிறையப் பேர் இறங்கினார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன், இன்னும் ஆறு இருக்கிறதே.

வேகமாகப் போகிற ரயில், முக்கியமான ஸ்டேஷனில் மட்டும் நிற்கும். அப்படி ஒன்று உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினோரு மணிக்குக் காலி ரயிலில் போகிறவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

நான்காவது கொட்டை மாறும்போது பெட்டியில் நான் மட்டும் இருந்தேன். ஜன்னலில் கடல் தெரிந்தது. போர்ட்டிக்சன் கடல் மாதிரி இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. ரயில் நின்றது, விளக்கு அணைந்தது. அங்கே மணி பார்த்தேன். பத்தாக ஐந்து நிமிஷம்.

ஸ்டேஷன்காரர் ஒருவர் ஓடி வந்தார். சின்ன வயது, என் மகள் வயதுகூட இருக்காது. நான் தமிழில் அழுதேன், மலாயில் அழுதேன். அவர் அட்டையைப் படித்துவிட்டு, மறு பக்கத்து ரயிலில் என்னை உட்கார வைத்து, போனில் யாரிடமோ பேசினார். நடுவே ஒரு ஸ்டேஷனில் வேறொருவர் வந்து, என் நெற்றியில் பெயர் எழுதி ஒட்டின மாதிரி நேராக என்னிடம் வந்து, இறக்கி வேறு ரயிலில் ஏற்றினார். ஏழாவது ஸ்டேஷனில் இன்னொருவர் ஆஸ்பத்திரி வாசல்வரை கூட நடந்தார். குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அத்தனை பேரும் அத்தனை நல்லவர்கள். யார்மேல் கோபப்பட முடியும்?

நான் போகும்போது மணி ஒன்று. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஏதோ காகிதம். டாக்டர் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்த பாதியே போதுமாக இருந்திருக்கிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்கம்மா போன?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரயிலு லேட்டாயிருச்சுடி” என்றேன்.

என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தாள். அப்புறம், “ரசம் ஆறிருச்சா?” என்றாள்.

சாயங்காலம் மருமகன் ஓடி வந்தார். அழுது முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “காலையிலயே நீங்க கெளம்புனதப் பாத்தேன்னு பக்கத்து வீட்டு ஜப்பான்காரம்மா மெசேஜ் போட்டாங்களே அத்தை. எங்க போனீங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து மகள் சொன்னாள்: “ரயிலு லேட்டுங்க. அம்மாவ ஒண்ணும் கேக்காதீங்க.” அவர் அதே லைனில் தினமும் போய் வருகிறவர். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி” என்றார்.

மறுநாள் பிறந்தது. பெண். விரல் பத்தும் இருந்தது, நகம்கூட இருந்தது. அங்கே எரித்து ஒரு சின்ன டப்பாவில் வைத்து, வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். மருமகன் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். அந்தக் காலி ரயில்தான். ஏழு தடவை கதவு திறந்தது. நான் பையில் கை வைக்கவில்லை.

என்ன தங்கச்சி, நீ ஏன் கையை நிறுத்திவிட்டாய்? புளியைப் பார். கண்ணைத் துடைக்காதே, புளிக் கை.

அப்புறம் ஒரு மாதம் இருந்தேன். ஊருக்குத் திரும்புகிற வாரத்தில், மகளுக்கு மருந்து வாங்கப் போய்விட்டு வரும்போது உண்மையாகவே ரயில் நின்றுவிட்டது. நடுவழியில் அரை மணி நேரம். எங்கள் ஸ்டேஷனில் இறங்கினால், வாசலில் ஒருவர் குனிந்து குனிந்து எல்லாருக்கும் ஒரு சின்னத் துண்டுக் காகிதம் கொடுக்கிறார். எல்லாரும் வாங்குகிறார்களே என்று நானும் வரிசையில் நின்று வாங்கினேன். பார், பட்டும் புத்தி வரவில்லை. கோயில் டோக்கன் மாதிரி ஏதோ என்று நினைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன்.

“இது என்னாடி?”

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தலை நிமிரவில்லை. “ரயிலு லேட்டானா குடுப்பாங்கம்மா. வேலை எடத்துல காட்டணும்ல. அஞ்சு நிமிஷம் லேட்டானாக்கூட குடுப்பாங்க.”

அஞ்சு நிமிஷத்துக்கே காகிதம் கொடுக்கிற ஊர். நான் மூன்று மணி நேரம் லேட்டு என்று வெறுங்கையோடு போய் நின்றேன். அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தக் காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, “தோசை ஊத்தட்டுமாம்மா?” என்று எழுந்து போனாள். அதை நான் எறியவில்லை. பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது.

இத்தனை நாளும் தினமும் பேசுகிறோம், அதை மட்டும் பேசியதில்லை. இப்போது ஐந்து மாதம், வா என்கிறாள். நான் முட்டி வலி என்றேன், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றேன். நேற்றைக்கு எனக்கே என் வாய் வெறுத்துவிட்டது.

“அன்னிக்கு ரயிலு லேட்டு இல்லடி” என்றேன்.

“தெரியும்மா.”

“காலி ரயிலு பக்கத்துலயேதான் நின்னுச்சு. நான்தான் ஆளு நெறைய நிக்கிற லைன்ல போயி நின்னேன். கடலு வரைக்கும் போயிட்டேன்டி. ஏழு கதவு தொறக்கும், தொறக்கும்னு உக்காந்திருந்தேன்.”

அந்தச் சின்ன இசை கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். ரயில் வந்து நிற்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், போகிற சத்தம் எல்லாம் என் காதில் விழுந்தது. அவள் ஏறவில்லை. மறுபடி இசை, மறுபடி ஒரு ரயில். மூன்று ரயிலை விட்டாள், தங்கச்சி. வேலை முடிந்து, வயிற்றில் பிள்ளையோடு, குளிரில் நின்றுகொண்டு.

“உம்மேல எனக்குக் கோவம்தாம்மா. ரொம்ப நாளு இருந்துச்சு” என்றாள்.

“இப்ப?”

“இப்ப பயம். அன்னிக்கு மாதிரி தனியா படுத்திருக்க முடியாது என்னால. நீ வா.”

நாலாவது ரயில் வந்துவிட்டது. மருமகன் வீட்டுக்கு வந்துவிடுவார், தேடுவார் என்று ஏறிவிட்டாள்.

“இதுக்கு மேல என்னாக்கா யோசன? போயிட்டு வாங்கலா!”

போகலாம். ஆனால் மறுபடி அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது இந்தக் கால் எந்தப் பக்கம் போகும்?

“கூட்டமா இருந்தா நிக்காதீங்க. அதான் சொல்லிட்டீங்களே, காலியா நிக்கிறதுதான் நம்ம ரயிலு. கைய நீட்டி, வாய்விட்டுச் சொல்லிட்டு ஏறுங்க, அந்த வெள்ளக் கையுறைக்காரரு மாதிரி. யாரு சிரிச்சா நமக்கென்னா?”

நீ ஒருத்தி, இத்தனை நேரம் அழுதுவிட்டு இப்போது என்னையே சிரிக்க வைக்கிறாய். காலி ரயிலைப் பார்த்து விரலை நீட்டி, “இதுதான் என் ரயிலு!” என்று தமிழில் கத்தினால் அந்த ஊர் ஜனம் எல்லாம்...

ஐயோ, தூறல் விழுகிறது. தாம்பாளத்தைத் தூக்கு, தூக்கு, அந்த முனையைப் பிடி. நனைந்தால் புளி கறுத்துவிடும். கொடியில் துணி வேறு கிடக்கிறது. நீ உள்ளே போ, சிரட்டையைத் தட்டிவிடாதே. அதில் நல்லதாகப் பார்த்து ஏழு கொட்டை எடுத்து வை. ஏழு வேண்டாம், பத்தாகவே எடு, கூட்டத்தில் ஒன்றிரண்டு விழுந்தாலும் விழும். நான் துணியை எடுத்துவிட்டு வருகிறேன்.